சுவருக்கும் எலும்புக்கும் ஒரே சாந்து

ஆங்கிலேயர் வீட்டில் ‘பிளாஸ்டர்’ என்னும் சொல் ஒரே நாளில் மூன்று பேர் வாயில் மூன்று பொருளில் வழங்குவதுண்டு. கூடத்துச் சுவரில் வெடிப்புக் கண்டு உதிர்கிற காரையைக் காட்டி வீட்டுக்காரர் அந்தச் சொல்லைச் சொல்வார். காய் நறுக்கும்போது கத்தி பட்ட விரலில் ஒட்டுவதற்கு ஒரு துண்டு வேண்டுமென்று அவர் மனைவி அதே சொல்லால் கேட்பார். பந்தாட்டத்தில் கால் ஒடிந்து, முழங்கால் வரை வெள்ளைக் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பையன், இன்னும் ஆறு வாரம் இதைச் சுமக்க வேண்டுமே என்று அதே சொல்லால் அங்கலாய்ப்பான். நாம் இம்மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருக்கிறோம். சுவரில் இருப்பது பூச்சு. விரலில் இருப்பது பிளாஸ்திரி. காலில் இருப்பது மாவுக்கட்டு. அகராதியைப் புரட்டுகிறவருக்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு அடுக்கிய அந்த ஆங்கிலப் பொருள்கள் ஏதோ தற்செயலாக ஓரிடத்தில் வந்து சேர்ந்தவை போலத் தோன்றக்கூடும். அப்படி அல்ல என்பதும், கொத்தனாரும் வைத்தியரும் பல நூற்றாண்டுகள் ஒரே பாண்டத்திலிருந்து எடுத்துப் பூசியவர்கள் என்பதும், அச்சொல்லின் சரித்திரத்தைத் தேடிப் படித்ததில் எனக்கு ஏற்பட்ட துணிபு.

கிரேக்க மொழியில் ‘பிளாஸ்ஸெயின்’ என்றால் பிசைந்து உருவம் கொடுத்தல் என்று பொருள். குயவன் களிமண்ணுக்குச் செய்வதே அது. இன்று உலகமெங்கும் வழங்கும் ‘பிளாஸ்டிக்’ என்னும் சொல்லும், இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறிக்கும் ‘பிளாஸ்மா’ என்னும் சொல்லும் அந்த வேரில் கிளைத்தவையே. அதன்மேல் ஒரு முன்னொட்டுச் சேர்த்து, உடம்பின்மேல் அப்பி வைக்கும் மருந்தை ‘எம்ப்ளாஸ்ட்ரான்’ என்று கிரேக்க வைத்தியர்கள் அழைத்தனர். ரோமானியர் அதை ‘எம்ப்ளாஸ்ட்ரம்’ ஆக்கினர். பிற்காலத்து லத்தீனில் முதல் அசை தேய்ந்து ‘பிளாஸ்ட்ரம்’ ஆயிற்று. இங்கிலாந்தை நார்மானியர் ஜயிப்பதற்கு முன்பே, பழைய ஆங்கிலத்தில் அச்சொல் புண்ணுக்கு இடும் மருந்தாக வழங்கியது. சுவர்ப் பூச்சு என்ற பொருளோ பிரெஞ்சு மொழியின் வழியாகப் பதினான்காம் நூற்றாண்டை ஒட்டித்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே வைத்தியரே இச்சொல்லுக்கு முதல் சொந்தக்காரர். கொத்தனார் பிறகு வந்தவர். காயம்பட்ட உடம்பில் மருந்து அப்புவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், விரிசல் கண்ட சுவரிலே சாந்து அப்புவதைப் பார்த்தபோது, அதையும் அப்பெயராலேயே அழைத்தது. சுவர் ஒரு நோயாளியாயிற்று. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாகிறது.

அந்த ஆதி மருந்து எப்படிப்பட்டது? பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் பேர் பெற்றிருந்தது ‘டயாகிலான்’ என்பது. மிருதாரசிங்கியையும் ஆலிவ் எண்ணெயையும் நீர் விட்டுக் காய்ச்சிக் கிண்டினால் ஒட்டும் தன்மையுள்ள ஒரு பிண்டம் கிடைக்கும். அதை உருளைகளாக உருட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது இளக்கி, தோலின்மீதோ துணியின்மீதோ மெல்லிய கரண்டியால் சீராக இழைத்துக் கொடுப்பார்கள். நம் வைத்தியரும் களிம்புக்குச் சேர்க்கும் அதே மிருதாரசிங்கிதான். இதைத் தவிர, கடுகை அரைத்து மாவோடு குழைத்துத் துணியில் தடவி, சளி கட்டிய மார்பின்மேல் போடும் கடுகுப் பிளாஸ்டர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு இருந்தது. அதிக நேரம் வைத்தால் தோல் கொப்பளித்துவிடும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தாய்மார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நம் வீடுகளில் தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் போடும் பற்றும், சுளுக்கு வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் பற்றும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. சுளுக்குக்குப் போட்டது போக மிஞ்சிய சுண்ணாம்பு நம் வீட்டுச் சுவருக்கும் போயிற்று என்பதை வாசகர் மறந்துவிட வேண்டாம்.

சுவர் வேலைக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய வீடுகளில், மெல்லிய மரச் சட்டங்களை இடைவெளி விட்டு வரிசையாக அறைந்து, அவற்றின்மேல் சுண்ணாம்பும் மணலும் குழைத்த சாந்தை அழுத்திப் பூசுவார்கள். சாந்து சட்டங்களின் இடுக்குகளில் பிதுங்கி, பின்புறம் கொக்கிபோல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். வெடிக்காமல் இருப்பதற்காக மாட்டின் மயிரையோ ஆட்டின் மயிரையோ அதில் கலப்பார்கள். தனித்த சாந்து எளிதில் உடையும். நார் கலந்த சாந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். இந்தச் சிறிய சூக்ஷ்மம்தான் பின்னால் எலும்பு வைத்தியத்தில் பெரும் புரட்சியைச் செய்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். லண்டன் நகரத்துப் பூச்சுத் தொழிலாளர் சங்கம் 1501-ஆம் ஆண்டில் ஏழாம் ஹென்றி மன்னரிடமிருந்து சாசனம் பெற்றது. அவ்வளவு கௌரவமுள்ள தொழில் அது.

சுண்ணாம்பைப் போலவே சுவருக்கு உதவிய மற்றொரு பொருள் ஜிப்ஸம் என்னும் கல். பாரிஸ் நகரத்தின் மொன்மார்த்தர் குன்று, இன்று சித்திரக்காரர்களின் பேட்டையாகப் பெயர் பெற்றிருந்தாலும், முற்காலத்தில் ஜிப்ஸச் சுரங்கங்களின் குன்று. அங்கே வெட்டிய கல்லைச் சூளையில் சுட்டு இடித்த மாவே ‘பாரிஸ் பிளாஸ்டர்’ என்று உலகமெங்கும் சென்றது. அந்த மாவை ஏற்றிச் சென்ற வண்டிகளால் வெளுத்துக் கிடந்த ஓரிடத்துக்கு ‘வெள்ளைச் சதுக்கம்’ என்று பொருள்படும் பெயர் இன்றும் பாரிஸில் வழங்குகிறது. 1666-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரம் பெருந்தீக்கு இரையானபோது, அந்தச் செய்தி கேட்ட பதினான்காம் லூயி மன்னர், மறு ஆண்டிலேயே, பாரிஸில் மரச்சட்டங்களால் கட்டிய வீடுகளின் முகப்பெல்லாம் பிளாஸ்டர் பூசி மூடப்பட வேண்டுமென்று கட்டளையிட்டார். ஜிப்ஸத்தின் உள்ளே நீர் அடங்கியிருப்பதால் அது தீயை எளிதில் உள்ளே விடுவதில்லை.

அந்த நீரைப் பற்றிய ரகசியத்தைத் திறந்தவர், நவீன ரசாயன சாஸ்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் லவாய்சியர். இருபத்திரண்டு வயது கூட நிரம்பாத இளைஞராக இருந்த அவர், 1765-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியில் படித்த முதல் ஆராய்ச்சி ஜிப்ஸத்தைப் பற்றியதே. கல்லைச் சுமார் 150 டிகிரி வரை சுட்டால், அதனுள் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு வெளியேறி, கல் மாவாகிறது; அந்த மாவில் மறுபடி நீர் விட்டால், இழந்த நீரை அது ஆவலோடு திரும்ப வாங்கிக்கொண்டு, ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னி, சில நிமிஷங்களில் மீண்டும் கல்லாகிறது. அப்போது அது சற்றுச் சூடேறுகிறது; சுருங்காமல் மிகச் சிறிதளவு விரியவும் செய்கிறது. இந்த இரண்டு குணங்களையும், கைகால் ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் தங்கள் உடம்பிலேயே அறிவார்கள்.

இனி எலும்பின் கதை. ஒடிந்த எலும்பை இழுத்து நேர்ப்படுத்துவது மனிதன் ஆதியிலேயே கற்றுக்கொண்ட வித்தை. ஆனால் நேர்ப்படுத்தியது ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் ஒவ்வொரு தேசத்து வைத்தியரையும் வாட்டிய கேள்வி. ஏறக்குறைய கி.மு. 1600-இல் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்று, கைமுறிவுக்குத் துணியாலேயே தப்பைகள் செய்து வைத்துக் கட்டச் சொல்கிறது. கிரேக்கர் மெழுகும் பிசினும் தடவிய துணிகளைச் சுற்றினர். கார்டோவா நகரத்து அராபிய வைத்திய சிரேஷ்டர் அல்-ஸஹ்ராவி, கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய தமது பெருநூலில், மாவரைக்கும் ஆலையில் படியும் மாவுத் தூளை முட்டையின் வெள்ளையில் குழைத்து முறிவின்மேல் பூசிக் கட்டும் முறையைச் சொல்கிறார். அதற்குச் சற்று முன்னே, பாரசீகத்தைச் சேர்ந்த அபூ மன்ஸூர் முவஃபக் என்பவர் ஜிப்ஸத்தையே எலும்பு முறிவுக்குப் பூசலாம் என்று எழுதிவைத்தார். கிழக்கில் இந்த அறிவு மறையவில்லை. துருக்கி சாம்ராஜ்யத்தைப் பற்றி வில்லியம் ஈட்டன் என்னும் ஆங்கிலேயர் 1798-இல் வெளியிட்ட நூலில், ஒடிந்த காலை நேர்ப்படுத்திய பின் அதை ஜிப்ஸக் குழம்பால் சூழ்ந்துவிடும் வழக்கத்தைத் தாம் நேரில் கண்டதாகவும், சாந்து இறுகியதும் அவயவத்தை நெருக்காமலே அதன் வடிவத்தை அப்படியே தாங்குவதாகவும், ஐரோப்பிய வைத்தியர்கள் இதைக் கவனிக்க வேண்டுமென்றும் குறிப்பிட்டார்.

ஐரோப்பா கவனித்தது, ஆனால் அரைகுறையாகக் கவனித்தது. பெர்லின் நகரத்தில் டீஃபென்பாக் முதலியோர் காலைப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் பிளாஸ்டர் குழம்பை ஊற்றினர். கால் அசையவில்லை, உண்மை. ஆனால் நோயாளியும் அசைய முடியவில்லை. அத்தனை பாரம். நெப்போலியனின் படை வைத்தியரான லாரே, போர்க்களத்தில், முட்டை வெள்ளை முதலிய சரக்குகளில் துணியை நனைத்துச் சுற்றினார். பெல்ஜியத்தின் சூத்தென் என்பவர் 1830-களில் கஞ்சிப் பசையில் ஊறிய துணியைச் சுற்றினார்; பலவகையில் அது நல்ல முறைதான், ஆனால் உலர்ந்து விறைப்பதற்கு இரண்டு மூன்று நாட்கள் பிடித்தது. அந்த இரண்டு மூன்று நாட்களில், குண்டு பட்ட சிப்பாயைக் கரடுமுரடான பாதையில் வண்டியில் ஏற்றிச் செல்லும்போது, சேர்த்து வைத்த எலும்பு எந்தக் கோலத்தை அடையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அந்தோனியஸ் மத்தைசென் என்னும் ஹாலந்து தேசத்துப் படை வைத்தியர். 1805-இல் பியூடல் என்ற கிராமத்தில் பிறந்த அவர், ஹார்லம் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் பணியாற்றுகையில், 1851-இல் இந்த முறையைக் கண்டு, மறு ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். அவர் செய்தது என்ன? குழம்பை ஊற்றுவதை விட்டுவிட்டு, உலர்ந்த பிளாஸ்டர் மாவைப் பருத்தித் துணியின் இழைகளுக்குள்ளே நன்றாகத் தேய்த்து ஏற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார், வேண்டியபோது நீரில் நனைத்துச் சுற்றினார், அவ்வளவே. மரச்சட்ட வீட்டுச் சுவரின் சாந்தில் மாட்டு மயிர் செய்த வேலையை இங்கே பருத்தி நூல் செய்தது. குழம்பாக ஊற்றினால் விரல் பருமன் வேண்டியிருந்த இடத்தில், துணியோடு சேர்ந்தபோது சில மடிப்புகளே போதுமாயின. கட்டு இலேசாயிற்று, நிமிஷங்களில் இறுகிற்று, கால் ஒடிந்தவன் கட்டிலை விட்டு எழுந்து நடமாடலானான். சுவரின் சூத்திரம் எலும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

ஏறக்குறைய அதே காலத்தில் ருஷ்யாவின் நிகலாய் பிரகோவ், இதே வழிக்கு வேறு வாசலால் வந்தார். ஸ்தெபானோவ் என்ற சிற்பியின் பட்டறைக்கு அவர் சென்றிருந்தபோது, பிளாஸ்டரில் நனைந்த துணி எவ்வளவு விரைவில் விறைத்துப்போகிறது என்பதைக் கண்ணால் கண்டு, அன்றே அதை நோயாளியின் காலில் பரீக்ஷித்துப் பார்த்தார். கிரீமியா யுத்தத்தில் செவஸ்தபோல் கோட்டை முற்றுகையில் அகப்பட்டிருந்த 1854, 1855-ஆம் ஆண்டுகளில், வெட்டி எறிய வேண்டியவை என்று முன்னாளில் தீர்மானித்திருப்பார்களே, அப்படிப்பட்ட எத்தனையோ கைகளும் கால்களும் அவருடைய பிளாஸ்டர் கட்டினால் உடம்போடு தங்கின. சிற்பி உருவம் செய்யும் பொருளே மனிதனின் உருவம் குலையாமல் காத்தது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பத்து வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த பட்டணத்து ஆஸ்பத்திரியில், கம்பவுண்டர் ஒருவர் சல்லடைத் துணிச் சுருளைப் பிரித்துப் பிரித்து, வெள்ளை மாவை உள்ளங்கையால் தேய்த்து ஏற்றி, மறுபடி தளர்வாகச் சுருட்டி, வாளித் தண்ணீரில் செங்குத்தாக அமிழ்த்தினார். அதிலிருந்து குமிழிகள் புறப்பட்டுக் கொண்டே இருந்தன. குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாகப் பிழிந்தார். நடுவில் பிழிந்தால் மாவு போய்விடும் என்று பக்கத்திலிருந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பஞ்சு சுற்றிய என் கையின்மேல் அந்த ஈரத்துணி குளிர்ச்சியாக வந்து படிந்தது. அவர் உள்ளங்கையாலேயே தடவித் தடவி மெழுகினார். விரல் நுனியால் அமுக்கினால் குழி விழுந்து உள்ளே தோலை அறுக்குமாம். சிறிது நேரத்தில் குளிர்ச்சி மறைந்து, உள்ளிருந்து ஓர் இளஞ்சூடு கிளம்பியது. ஈரச் சுவரின் மணம் என் கையிலிருந்து வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் திண்ணைக்குக் காரை பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டு, “எங்கே, கையைக் காட்டுங்க தம்பி” என்று வாங்கி, கட்டின்மேல் விரல்மடக்கால் இரண்டு இடத்தில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பூசிய சுவரில் உள்ளே பொக்கு இருக்கிறதா என்று பார்க்க அவர் அப்படித்தான் தட்டுவார். “பொக்கு இல்லே, நல்லாப் பிடிச்சிருக்கு. ஈரம் இழுக்கிற வரைக்கும் ஆட்டாதீங்க” என்றார். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லியனுப்பிய எச்சரிக்கையும் அதுவேதான். ஆங்கிலச் சொல்லின் சரித்திரத்தை நான் படித்தது வெகுகாலம் கழித்து. ஆனால் அதன் சாரத்தை அன்று திண்ணையிலேயே கேட்டுவிட்டேன்.

இந்தக் கட்டு தீமையும் செய்ய வல்லது என்பதை மறைக்கலாகாது. கட்டு மிகவும் இறுகி, உள்ளே வீக்கம் பெருகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டால், தசைகள் செத்துக் கைவிரல்கள் கோழிக்கால்போல் மடங்கி நின்றுவிடும் என்பதை ஜெர்மானிய சத்திர வைத்தியர் ஃபோல்க்மன் 1881-இல் விளக்கி எழுதினார். அந்த ஊனம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கட்டுப் போட்ட கையின் விரல்கள் நீலம் பாய்ந்தாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், வலி தாங்க முடியாமல் ஏறினாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் ஓடவேண்டும்.

யுத்தங்கள் இந்த வித்தையை மேலும் வளர்த்தன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்ஸலோனாவில் சிகிச்சை செய்த ஜோசெப் த்ருயேட்டா, வெளியே பிளந்து கிடக்கும் எலும்பு முறிவைச் சுத்தம் செய்து, செத்த தசையை அறுத்தகற்றி, காயத்தைத் தைக்காமல் துணி திணித்து, அதன்மேலேயே துவாரம் இல்லாமல் பிளாஸ்டர் போட்டு மூடி, வாரக்கணக்கில் திறவாமல் விட்டார். நாற்றம் சகிக்க முடியாதது. ஆயினும் அவர் கணக்குக் கொடுத்த 1,073 பேரில் இறந்தவர் 6 பேரே. 1939-இல் அவர் இங்கிலாந்து சென்று அம்முறையைப் போதித்தார்.

விரலில் ஒட்டும் சிறிய பிளாஸ்திரியின் பிறப்போ அடுக்களையில் நிகழ்ந்தது. 1920-இல் அமெரிக்காவில், ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனிக்குப் பஞ்சு கொள்முதல் செய்துவந்த எர்ல் டிக்ஸன் என்பவருக்குப் புதிதாக மணமாகியிருந்தது. சமைக்கையில் அவர் மனைவி அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வதும் சுட்டுக்கொள்வதுமாக இருந்தார். ஒற்றைக் கையால் தமக்குத் தாமே கட்டுப் போட்டுக்கொள்ளவும் இயலவில்லை. கணவர் ஒட்டுநாடா ஒன்றை நீளமாக விரித்து, அதன் நடுவில் சிறு சிறு துணி மடிப்புகளை வரிசையாக வைத்து, ஒட்டிக்கொள்ளாதபடி மேலே விறைப்புத் துணி மூடி, சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மனைவி தேவையான அளவு கத்தரித்து ஒட்டிக்கொண்டார். ‘பேண்ட்-எய்ட்’ என்று மறு ஆண்டு கடைக்கு வந்தது இதுவே. அதற்கு முன்பே ஜெர்மனியில் பாயர்ஸ்டார்ஃப் 1882-இல் புதுவகை மருந்துப் பிளாஸ்டருக்கு உரிமை பெற்றிருந்தார் என்றாலும், வீட்டுப் பெண் ஒருத்தி பிறர் துணையின்றித் தானே ஒட்டிக்கொள்ளும்படி அதைச் செய்தது ஓர் இல்லறத்தின் அக்கறையே.

நம் நாட்டுக்குத் திரும்பிவிடுவோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெள்ளையும் தயிரும் வெல்லமும் கடுக்காய் நீரும் கலந்து, மேல்பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் மின்னச் செய்யும் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ வேலையை ஐரோப்பியர் வியந்து பாராட்டினர். செட்டிநாட்டு வீடுகளில் அந்தச் சுவர்களை இன்றும் கன்னத்தோடு ஒட்டிவைத்துக் குளிர்ச்சியை அறியலாம். அதே முட்டை வெள்ளையில் பச்சிலை அரைத்துக் குழைத்து, துணியும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டை நாடி, எலும்பு ஒடிந்த தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பழைய சித்தூர் ஜில்லாவுக்கு ரயிலேறிப் போயிருக்கிறார்கள். கார்டோவாவின் வைத்தியர் கையிலும், காரைக்குடிக் கொத்தனார் கையிலும், புத்தூர் வைத்தியர் கையிலும் முட்டை உடைந்தது ஒரே காரியத்துக்குத்தான்.

ஆங்கிலத்துக்குப் ‘பிளாஸ்டர்’ எப்படியோ, நமக்குக் ‘கட்டு’ அப்படி. இரண்டு கட்டு வீடு என்கிறோம். புண்ணுக்குக் கட்டு என்கிறோம். உடற்கட்டு, கட்டுமானம், கட்டுக்கோப்பு என்று அந்த ஒரே சொல் வீட்டையும் உடம்பையும் தாங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரித் திண்ணையில் முதன்முதல் அந்த வெள்ளைத் தூளைக் கண்ட ஜனங்கள் அதற்கு யாரையும் கேளாமல் ‘மாவுக்கட்டு’ என்று பெயரிட்டார்கள். ஆலை மாவைக் குழைத்த அல்-ஸஹ்ராவியையோ, கஞ்சியில் துணி நனைத்த சூத்தெனையோ அவர்கள் அறியார். ஆனாலும் அவர்கள் வைத்த பெயர் அந்தச் சரித்திரத்தோடு அப்படியே பொருந்திப்போயிற்று. இப்போது பிளாஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் கட்டு வந்துவிட்டது. அது மாவும் அன்று, வெள்ளையாக இருக்கவேண்டுமென்பதும் இல்லை. ஆயினும் ஊர்ப்புறத்தில் அதையும் மாவுக்கட்டு என்றே சொல்லுகிறார்கள். கலைச்சொல் அகராதி தொகுக்கும் அன்பர்கள் அச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்காமல், முதல் வரியிலேயே அதற்கு இடம் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.